இடிமுழக்கமும் மௌனச்சாமியும்

லிஃப்ட்காரரைப் பொறுத்தவரை, படக்கதை எழுதத் தெரிந்த மனுஷன் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவருக்கு லிஃப்ட்காரரும் மகளும் சேர்ந்து வைத்த பெயர் இடிமுழக்கம். அந்த ஆசாமியின் கதை எதுவும் இடி இடிக்காமல் தொடங்காது. வெயில் மண்டையைப் பிளக்கும் பாலைவனத்தில் நடக்கிற கதையாக இருந்தாலும், முதல் கட்டத்தில் எங்கிருந்தாவது ஒரு இடியைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இரண்டாவது கட்டத்தில் ஓர் அலறல். மூன்றாவதில் கறுப்புக் கையுறை மாட்டிய கை ஒன்று மாடிச் சுவரைப் பற்றி ஏறும். மேலே மஞ்சள் பெட்டியில், 'யார் இவன்? நண்பனா? எமனா?' என்று எழுதியிருக்கும். கையுறைக்காரன்தான் கதாநாயகன் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. ஆனாலும் இடிமுழக்கம் கேட்பார். லிஃப்ட்காரரும் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

மகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, இந்தக் கையுறைக்காரன்தான். அவள் சின்ன வகுப்பில் இருக்கும்போதே அம்மா காலமாகிவிட்டாள். பகலெல்லாம் அடுக்குமாடிகளின் உச்சியில், லிஃப்ட் மோட்டாருக்கும் கம்பிவடத்துக்கும் நடுவில் ரிப்பேர் பார்த்தபடி கிரீஸ் பூசிக்கொண்டு நிற்கிற மனிதர், பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல வார்த்தைக்கு எங்கே போவார்? சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு வந்து படக்கதையை விரிப்பார். வில்லனுக்கு ஒரு குரல், போலீஸ் அதிகாரிக்கு ஒரு குரல், அலறுகிற பெண்ணுக்கு ஒரு கீச்சுக்குரல் என்று வீடே அமர்க்களப்படும். ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, "ஏங்க, வீட்ல ஏதும் பிரச்சினை இல்லையே? யாரோ கொலை, கொலைன்னு கத்தின மாதிரி இருந்துச்சு" என்று விசாரித்துவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு அப்பனும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

கல்லூரிக்குப் போன மகள் கட்சி மாறினாள். யாரோ ஒரு புது ஆள் எழுதிய புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். லிஃப்ட்காரர் புரட்டினார். ஒரு ஜன்னல். அதே ஜன்னல், கொஞ்சம் இருட்டி. அதே ஜன்னல், விளக்கு போட்டு. வசனம் மருந்துக்குக்கூட இல்லை.

"அச்சடிக்கிறவன் வசனத்தை மறந்துட்டானா பாப்பா?"

"இல்லப்பா, எழுதினதே அப்படித்தான்."

"எழுதினதா? இதுல எழுத்து எங்க இருக்கு? பேசாம இருக்கிறதுக்குச் சம்பளமா? அப்ப நம்ம வீட்டுச் சுவரும் எழுத்தாளர்தான்."

அன்றைக்கு வைத்த பெயர்தான் மௌனச்சாமி. அன்று தொடங்கிய சண்டை பிறகு ஓயவேயில்லை. இடிமுழக்கம் எல்லாவற்றையும் ஊட்டிவிடுகிறார், படிக்கிறவனுக்குப் பல்லே வேண்டாம் என்பாள் மகள். உன் சாமியார் இலையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை மறந்துவிடுகிறார் என்பார் அப்பா. கையுறைக்காரன் மாடியிலிருந்து குதிக்கும்போது 'இதோ குதிக்கிறேன்!' என்று எதற்குச் சொல்கிறான், குதிப்பதுதான் தெரிகிறதே என்பாள். கீழே நிற்கிறவன் நகர வேண்டாமா என்பார்.

படிப்பு முடிந்து மகளுக்கு வேறோர் ஊரில், பெரிய மருத்துவமனை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. கூட வேலை பார்க்கிற தோழியோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டாள். விடுமுறை நாள் காலையில் தவறாமல் போன் வரும். "எப்படி இருக்கே?", "நல்லா இருக்கேன்ப்பா, நீங்க?", "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பதெல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். பிறகு என்ன பேசுவது? அவளுடைய வேலையின் நுணுக்கம் இவருக்குப் புரியாது. இவருடைய பிரேக்கும் பெல்ட்டும் அவளுக்கு அலுத்துப்போன சமாச்சாரம். அதனால் உடனே இடிமுழக்கத்தையும் மௌனச்சாமியையும் களத்தில் இறக்கிவிடுவார்கள். போனை வைக்கும்போது லிஃப்ட்காரரின் காது சூடாகியிருக்கும். அந்தச் சூட்டில்தான் வாரம் முழுக்க ஓடும்.

இந்த வருஷத்து மழைக்காலத்தில் என்னவோ ஆயிற்று. மகளின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. இவர் சீண்டினால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அதுவும் கடனே என்று சிரிக்கிற சிரிப்பு. "உன் சாமியாரோட புதுப் புத்தகம் வந்திருக்காமே, இதுலயாவது யாராச்சும் வாயைத் தொறக்கிறாங்களா?" என்று ஒருதடவை கேட்டார்.

"அதுல வர்றவளை எனக்கு நல்லாத் தெரியும்ப்பா" என்றாள்.

அடுத்த வாரம் இவர் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தார். மௌனச்சாமிக்கு எழுத வராது, வராததைத்தான் கலை என்று பேர் பண்ணிக்கொண்டு திரிகிறார் என்று ஒரு போடு போட்டுவிட்டு, வரப்போகிற வெடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"சரிப்பா" என்றாள் மகள். "நீங்க சொல்றதுதான் சரி."

லிஃப்ட்காரருக்குத் திக்கென்றது. ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரின் இரைச்சல் திடீரென்று நின்றுபோன மாதிரி. இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி மல்லுக்கு நின்றவள்.

"என்ன பாப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. வேலை ஜாஸ்தி. வச்சிடட்டுமா?"

எதைச் சொல்லி அவளைத் திரும்பச் சண்டைக்கு இழுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட வேண்டும். பக்கம் பக்கமாகக் குற்றம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால், எங்காவது ஓரிடத்தில் அவளுக்கு ரோஷம் வந்துதானே ஆக வேண்டும்?

வேலை முடிந்து கடைக்குப் போனார். அவர் கேட்ட புத்தகத்தின் பெயரைக் கேட்டதும் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன அண்ணே, கட்சி தாவிட்டீங்களா?"

"வேவு பார்க்கப் போறேன்" என்றார் லிஃப்ட்காரர்.

பின்னட்டையில் எழுதியவரின் படம் இருந்தது. நடுவயதுப் பெண் ஒருத்தி, கடைவாய்ப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் இதுநாள்வரை மௌனச்சாமி என்றால் தாடி வைத்த, சோகை பிடித்த ஆண் என்றே நினைத்திருந்தார். "இந்த அம்மாவா? பேசற வாய் மாதிரியில்ல இருக்கு" என்று கடையிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, ரொட்டியையும் முட்டையையும் தட்டில் போட்டுக்கொண்டு, சமையல் மேடையில் புத்தகத்தை விரித்து உப்பு டப்பாவை மேலே பாரமாக வைத்தார். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெண் வேலைக்குப் போகிறாள், வருகிறாள். அறைக் கதவைத் திறக்குமுன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கட்டம் முழுக்கச் சும்மா நிற்கிறாள். 'ஏம்மா, கதவைத் தொறயேன், அடுத்த பக்கத்துக்குப் போகணும்' என்று லிஃப்ட்காரர் முணுமுணுத்தார். திறந்தாள். அடுத்து ஒரு பக்கம் முழுக்க அவள் சாப்பிடுகிறாள். ஆறு கட்டம். தட்டு. கை. குழாயிலிருந்து சொட்டுகிற நீர். தட்டு. சுவரில் அவள் நிழல். காலித் தட்டு. ஆறு கட்டம் முடியும்வரை அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். கட்டத்தின் ஓரத்தில் மேசையும், அதை ஒட்டித் தள்ளிய இரண்டு நாற்காலிகளும் கொஞ்சமாகத் தெரிகின்றன. ஒன்றில்கூட அவள் உட்காரவில்லை.

உட்கார்ந்து சாப்பிட்டால் என்னவாம், இதை ஒரு குற்றமாகக் குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோதுதான், தன் கையில் தட்டு இருப்பதையும், தான் நின்றுகொண்டிருப்பதையும் லிஃப்ட்காரர் கவனித்தார்.

திரும்பிப் பார்த்தார். கூடத்தில் சாப்பாட்டு மேசை இருந்தது. அதன் மேல் துவைத்த துணி, ஸ்க்ரூடிரைவர், மருந்துப் பட்டை, பழைய கரண்ட் பில். மகள் ஊருக்குப் போனதிலிருந்து அந்த மேசையில் ஒரு வேளைகூட அவர் சாப்பிட்டதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. உட்கார்ந்தால் எதிரே இருக்கிற நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும், அதுதான். வேறென்ன?

முட்டை ஆறிப்போயிற்று. மறுபடியும் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இந்தத் தடவை அவசரமில்லாமல், ஒவ்வொரு கட்டமாக. தன்னைப் பற்றிய நினைப்பு மெதுவாக ஒதுங்கி, வேறொரு நினைப்பு வந்து உட்கார்ந்தது. 'அதுல வர்றவளை எனக்கு நல்லாத் தெரியும்ப்பா' என்றாளே மகள். தோழியோடு சேர்ந்து இருக்கிற பிள்ளைக்கு இவளை எப்படித் தெரியும்?

மறுநாள் ஆபீஸில் லீவு சொன்னார். அவர் லீவு கேட்டு யாருக்கும் பழக்கமில்லை. "வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று மேலாளரம்மா கேட்டார். "மகளைப் பார்க்கணும்" என்றார்.

பஸ்ஸில் போகும்போது மகளுக்குப் போன் செய்யலாமா என்று பலதடவை எடுத்து எடுத்து வைத்தார். சொன்னால் வர வேண்டாம் என்பாள். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். நீளமான நடை, இருபுறமும் ஒரே மாதிரிக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கு உள்ளேயும் டிவி ஓடியது. அவளுடைய கதவுக்குள் மட்டும் சத்தமில்லை. ஆளில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தட்டினார். உடனே திறந்தது.

"அப்பா! என்னப்பா, என்ன ஆச்சு? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல பாப்பா. சும்மாதான். பக்கத்துல ஒரு வேலை."

"பக்கத்துலயா? நாலு மணி நேர பஸ்ஸு!"

"லிஃப்ட் இல்லாத ஊரு எது?" என்று சமாளித்தபடி உள்ளே போனார்.

அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் மகளின் போர்வை. இன்னொன்றில் மெத்தை சுருட்டி, கயிற்றால் கட்டியிருந்தது. அதன் மேலே தூசி.

"உன் ஃப்ரெண்டு எங்க?"

மகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுப்பா. போய்ட்டா."

"எப்ப?"

"மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

லிஃப்ட்காரர் சுருட்டின மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாரா வாரம் போனில் பேசியிருக்கிறார். கையுறைக்காரன் எந்த விரலால் துப்பாக்கியைப் பிடிக்கிறான் என்பதைப் பற்றிக்கூடப் பேசியிருக்கிறார்.

"ஏன் பாப்பா சொல்லல?"

"சொன்னா வருவீங்க."

"வந்தா என்ன?"

"வந்தா போவீங்கல்ல" என்றாள் மகள்.

இரண்டு பேருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். குடித்தார்கள். ஏதேதோ சில்லறை விஷயங்களைப் பேசிவிட்டுப் படுத்தார்கள். அவர் கயிற்றை அவிழ்த்து மெத்தையை விரித்துக்கொண்டார்.

காலையில் அவள் வேலைக்குப் போய்விட்டாள். அவர் அறையிலேயே இருந்தார். முதலில் ஆடிக்கொண்டிருந்த அலமாரிக் கதவை முடுக்கினார். பிறகு செய்ய வேலையில்லை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். தண்ணீர்க் குழாயின் மேல் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. அதுவும் கொஞ்ச நேரத்தில் பறந்துவிட்டது. நடையில் செருப்புச் சத்தம் வரும்போதெல்லாம் கதவைப் பார்த்தார். செருப்புகள் அடுத்த கதவுகளுக்குப் போயின. வெளியே போய்ப் பழம் வாங்கிக்கொண்டு வரும்போது எதிரே வந்த ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அவள் போனைப் பார்த்தபடியே கடந்துபோனாள். அவள் மேல் தப்பில்லை. அவர்கூடத் தன் வீட்டுப் படியில் எத்தனை பேரை இப்படிக் கடந்திருக்கிறார்! மத்தியானத்துக்குள் அவருக்கு அந்த அறை பிடிபட்டுவிட்டது. ஒரு நாளே இப்படி என்றால், பிள்ளை இத்தனை நாளாக இதை ஒரு வார்த்தை வெளியே விடாமல் எப்படி முழுங்கிக்கொண்டிருந்தாள்?

மகள் திரும்பியதும் பையிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"படிச்சீங்களா?" அவள் கண் விரிந்தது.

"படிச்சேன். ஒரு கேள்வி கேட்கிறேன், கோவப்படக் கூடாது. இந்தப் பொண்ணு ஒரு பக்கம் முழுக்க நின்னு சாப்பிடுறா. என் ஆளா இருந்தா, 'அவள் தனிமையில் வாடினாள்'னு ஒரு மஞ்சள் பெட்டி போட்டுட்டுப் போயிருப்பார். ஒரு வரி. வேலை முடிஞ்சுது. அதுக்கு எதுக்கு ஆறு கட்டம்?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, ரொம்ப நாளைக்கு அப்புறம், அவள் குரலில் பழைய முறுக்கு வந்தது.

"அந்த ஒரு வரியைப் படிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க? 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டு பக்கத்தைத் திருப்பிடுவீங்க. ஆறு கட்டம் இருந்தா, அவ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நீங்களும் கூட நிக்கணும். அதுக்குத்தான்ப்பா. இதைப் படிக்கும்போது என்கூட யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு."

"ஒத்துக்கிறேன்" என்றார் லிஃப்ட்காரர்.

"என்னது?"

"ஒத்துக்கிறேன்னு சொன்னேன். உன் ஆளு கெட்டிக்காரிதான். அவளைப் பார்த்துக்கிட்டு நின்னதுல என் முட்டை ஆறிப்போச்சு. ஆனா என் கட்சியையும் கேளு. என் ஆளு கதையில என்ன ஆகும்? ஒருத்தன் கிணத்துல விழுவான். விழுந்ததும் 'காப்பாத்துங்க, காப்பாத்துங்க'ன்னு பக்கம் பூரா கத்துவான். எழுத்து கட்டத்தை விட்டே வெளிய வந்துடும். நீ அதைப் பார்த்துச் சிரிப்ப. ஆனா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே கையுறைக்காரன் ஓடி வர்றான்? உன் ஆளு கதையில கிணத்துல விழுந்தவ, உள்ளயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கிட்டு இருப்பா. படிக்கிற நமக்குத் தெரியும், சரி. அந்தக் கதைக்குள்ள இருக்கிற அவ அப்பனுக்கு எப்படித் தெரியும்? சொல்லு. அவனுக்கு யார் வந்து ஆறு கட்டம் வரைஞ்சு காட்டுவா?"

மகள் கட்டிலில் உட்கார்ந்து, துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லாத அழுகை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முதுகைத் தடவிக் கொடுக்கலாமா, வளர்ந்த பிள்ளையாயிற்றே என்று கை தயங்கியது. கடைசியில் தலையில் வைத்தார்.

"வேலையை விட்டுட்டு நம்ம வீட்டுக்கே வந்துடேன் பாப்பா."

"வந்து?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "காலையில நீங்க வேலைக்குப் போய்டுவீங்க. நான் அங்க தனியா உட்கார்ந்திருப்பேன். இங்கயாவது இரத்தம் குடுக்க வர்றவங்க முகத்தையாவது பார்க்கிறேன். சில பேரு ஊசியைப் பார்த்ததும் என் கையைப் பிடிச்சுப்பாங்கப்பா."

அவரும் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட முடியாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அன்றைக்கு வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். கூட்டமான ஓட்டல். பக்கத்து மேசைக் குழந்தை ஒன்று ஸ்பூனைத் தூக்கி எறிந்துகொண்டே இருந்தது, மகள் அதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவர் மறுநாள் காலைப் பஸ்ஸில் ஏறினார். பஸ் நிலையத்தில் அவள் கையசைக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் திரும்பும்வரை அவரும் கழுத்தைத் திருப்பாமல் பார்த்தார்.

வீடு அப்படியேதான் இருந்தது. வாரங்கள் போயின. அடுக்குமாடி ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில், பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. விடுமுறை நாளல்ல. வேலை நேரம். மகள்.

"அப்பா, பிஸியா இருக்கீங்களா?"

"இல்லவே இல்லை" என்றார், ஒரு கையில் ஸ்பேனரோடு.

"எனக்கு இன்னிக்கு ரொம்ப மோசமா இருக்குப்பா" என்றாள். குரல் உடைந்தது. "காரணமெல்லாம் பெரிசா எதுவும் இல்ல. காலையில எழுந்திரிக்கவே பிடிக்கல. யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு, அதான்."

"சொல்லு பாப்பா."

அவள் சொன்னாள். மேலதிகாரி எல்லார் எதிரிலும் திட்டியதைச் சொன்னாள். தோழி கல்யாணத்துக்குப் பிறகு ஒரு போன்கூடப் பண்ணாததைச் சொன்னாள். அறைக்குப் புதிதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்திருப்பதாகவும், வருகிறவள் எப்படி இருப்பாளோ என்று பயமாக இருப்பதாகவும் சொன்னாள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், முன்னதைப் பின்னதாக்கி, நடுநடுவே மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். லிஃப்ட்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். கிரீஸ் கறை பேன்டில் ஒட்டியது. அவ்வப்போது "ம்" என்றார். அவருக்கு அறிவுரை ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாததில் வருத்தமும் இல்லை.

கீழேயிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். "மேல என்னங்க, ஆச்சா? இங்க நாலஞ்சு பேரு நிக்கிறாங்க!"

லிஃப்ட்காரர் போனின் வாயைப் பொத்திக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டி, "நடந்து வரச் சொல்லுங்க!" என்று கத்தினார்.

"யாருப்பா அது?" என்றாள் மகள்.

"யாருமில்ல. நீ சொல்லு."

சொல்லி முடித்ததும் அவளுக்கே கூச்சமாகிவிட்டது போல. "சரிப்பா, இன்னும் ரெண்டு பேரு ஊசிக்கு உட்கார்ந்திருக்காங்க, போகணும்" என்று வைத்துவிட்டாள். சின்ன ஜன்னல் வழியாக ஊரின் மொட்டைமாடிகள் தெரிந்தன, ஒன்றில்கூட ஆளில்லை. வெறும் தண்ணீர்த் தொட்டிகளும், காயப்போட்ட துணிகளும். லிஃப்ட்காரர் எழுந்து, பிரேக் கட்டையின் திருகை இறுக்கி, மோட்டாரைப் போட்டார். வடம் அசைந்து, கீழே காலிப் பெட்டி மெல்ல இறங்கத் தொடங்கியது.